அவசரமாக எழுதிய கோட்... ஆண்டுக்கணக்கில் கட்டும் விலை!

கடம்பத்தூரில் ரயில் ஏறும் ஆலைத் தொழிலாளிக்குத் தெரிந்த பாடத்தை, அதே ரயிலில் ஏறும் மென்பொருள் ஊழியரின் நிறுவனம் எப்போது கற்கும்?

சென்னை - அரக்கோணம் தடத்தில், திருவள்ளூரைத் தாண்டி ஏகாட்டூர், அடுத்தது கடம்பத்தூர். காலை நேர மின்சார ரயிலில் இங்கிருந்து சென்னைப் பக்கம் போகிறவர்களில் இரண்டு கூட்டம் உண்டு. ஒன்று, அம்பத்தூர், பாடி தொழிற்சாலைகளுக்கு முதல் ஷிஃப்ட் போகும் கூட்டம். இன்னொன்று, முதுகுப்பையில் லேப்டாப்போடு போகும் இளைஞர் கூட்டம். முன்பெல்லாம் இந்த இரண்டாவது கூட்டம் நகரத்தைக் குறுக்கே கடந்து தரமணிக்கும் சிறுசேரிக்கும் போயாக வேண்டும். இப்போது வேலையே பாதி வழிக்கு வந்துவிட்டது. 2024 நவம்பர் 22 அன்று பட்டாபிராமில் 330 கோடி ரூபாய் செலவில், 21 மாடிகளுடன் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. தரமணியில் முதல் டைடல் பூங்கா திறந்து கால் நூற்றாண்டு ஆகப்போகும் நேரத்தில், லாரியும் லேத்துமாக அறியப்பட்ட திருவள்ளூர் மாவட்டத்துக்குள் மென்பொருள் தொழில் முறையாக நுழைந்திருக்கிறது.

மகிழ வேண்டிய செய்திதான். கூடவே, கட்டடமும் வேலையும் வருகிறபோது எந்த மாதிரியான வேலைப் பழக்கம் வருகிறது என்பதையும் கேட்டாக வேண்டும். மென்பொருள் நிறுவனங்களில் வேலை நடக்கும் முறை கெட்டுப்போனால், அதன் விலை அந்த வருடக் கணக்கில் தெரிவதில்லை. ஐந்து வருடம், பத்து வருடம், சில சமயம் இருபது வருடம் கழித்து, அந்தத் தவற்றைச் செய்யாத யாரோ ஒருவர் அதைக் கட்டுகிறார்.

பாடி கற்ற பாடம்

பாடியில் பிரேக் பாகங்கள் செய்துவந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் 1998-ல், தரத்துக்காக வழங்கப்படும் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவிலேயே அந்தப் பரிசைப் பெற்ற முதல் நிறுவனம் அது. பின்னாலேயே 2001-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2002-ல் டி.வி.எஸ். மோட்டார், 2003-ல் ரானே பிரேக் லைனிங் என்று தமிழ்நாட்டு நிறுவனங்கள் வரிசையாக அந்தப் பரிசை வாங்கின.

அந்தப் பரிசின் பெயருக்குரியவரான அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங், போரில் நொறுங்கிப் போயிருந்த ஜப்பானுக்கு 1950-ல் சென்று சொல்லித் தந்தவற்றில் முக்கியமானது இது: லைனின் கடைசியில் ஒரு இன்ஸ்பெக்டரை நிறுத்தி கெட்ட பாகங்களைப் பொறுக்கினால் தரம் வராது. பாகம் அவரிடம் வரும்போதே நல்லதா கெட்டதா என்பது முடிந்துபோன விஷயம். ஆகவே, பாகம் உருவாகும் இடத்திலேயே கவனி. தவறு நடந்தால் செய்தவரின் சட்டையைப் பிடிக்காதே, அவரை அப்படிச் செய்யவைத்த முறையைத் திருத்து.

இந்தத் தடத்தில் இருக்கும் ஆலைகளில் வேலை பார்த்த எவருக்கும் இதன் நடைமுறை வடிவம் தெரியும். ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் வேலை செய்யும் முறை எழுதித் தொங்கும். ஷிஃப்ட் மாறும்போது முந்தைய ஷிஃப்ட்காரர் என்ன நடந்தது என்று எழுதிவிட்டுத்தான் கிளம்புவார். ரிஜெக்‌ஷன் கூடினால் அன்றே கூட்டம் நடக்கும், ஏன் என்று காரணம் கண்டுபிடிக்கும்வரை விட மாட்டார்கள். எல்லா ஆலையிலும் இது ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால், இப்படி நடக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆலைக்கு ஒரு வசதி இருக்கிறது. கெட்ட பாகம் கண்ணுக்குத் தெரியும். பெட்டியில் குவியும், எடை போடலாம், நஷ்டத்தை ரூபாயில் சொல்லலாம். மென்பொருளில் அந்தப் பெட்டி கிடையாது. மோசமாக எழுதிய கோடும் (நிரலும்) இன்றைக்கு ஓடும். திரையில் பட்டன் பச்சையாகத்தான் இருக்கும். வாடிக்கையாளர் கையெழுத்துப் போடுவார், பில் போகும், பதவி உயர்வும் வரும். சேதம் உள்ளே தங்கிவிடும்.

கடன் எப்படி ஏறுகிறது?

இப்படி உள்ளே தங்கும் சேதத்துக்கு ‘தொழில்நுட்பக் கடன்’ என்று 1992-ல் பெயர் வைத்தவர் வார்டு கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க நிரலாளர். அவசரத்துக்கு ஒரு குறுக்குவழி எடுப்பது கடன் வாங்குவது போல, சீக்கிரம் அடைத்துவிட்டால் தப்பில்லை, அடைக்காமல் விட்டால் வட்டி ஏறிக்கொண்டே போகும் என்றார்.

அந்த வட்டி ஒரு புராஜெக்டில் எப்படி ஏறுகிறது? ரிலீஸ் தேதியை வாடிக்கையாளரிடம் சேல்ஸ் பிரிவு முதலிலேயே சொல்லிவிடுகிறது. வேலை எவ்வளவு என்று செய்கிறவர்களிடம் கேட்பது அதற்குப் பிறகுதான். நாள் போதவில்லை. முதலில் வெட்டப்படுவது டெஸ்டிங். அடுத்து வெட்டப்படுவது, எது ஏன் இப்படிச் செய்யப்பட்டது என்று எழுதிவைக்கும் வேலை. ‘அடுத்த ரிலீஸில் சரிசெய்யலாம்’ என்று ஒரு பட்டியல் போடுகிறார்கள். அடுத்த ரிலீஸுக்கும் தேதி ஏற்கெனவே குறித்தாகிவிட்டது.

இப்போது அந்த மென்பொருள் முழுதும் தெரிந்தவர் ஒருவரோ இருவரோதான். அவர் ஒருநாள் வேலையை விடுகிறார். 2022 மார்ச் காலாண்டில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தில் ஆண்டுக்கணக்கில் வேலையை விட்டவர்களின் விகிதம் 27.7 சதவிகிதம், டி.சி.எஸ். நிறுவனத்தில் 17.4 சதவிகிதம். அதாவது, துறையின் பெரிய நிறுவனங்களிலேயே நான்கில் ஒருவர், ஆறில் ஒருவர் என்று ஆள் மாறிய காலம் அது. நோட்டீஸ் பீரியடின் கடைசி நாட்களில் கே.டி. (அறிவுப் பரிமாற்றம்) என்று நாலு மீட்டிங் நடக்கும். பல வருடமாகத் தலைக்குள் இருந்தது நாலு மீட்டிங்கில் இறங்குமா? வருகிறவருக்கு அந்தக் கோடைத் தொடவே பயம். பயத்தால் பழையதை அப்படியே விட்டு மேலே மேலே ஒட்டுப்போடுகிறார். முன்பு இரண்டு நாளில் முடிந்த மாற்றம் இரண்டு வாரம் இழுக்கிறது.

தாமதம் ஆனதும் மேலிடம் செய்வது, கூடுதலாக ஆள் போடுவது. தாமதமான மென்பொருள் வேலைக்கு ஆள் கூட்டினால் இன்னும் தாமதமாகும் என்று ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரும் திட்டமொன்றை நடத்திப் பார்த்த ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே புத்தகம் எழுதிச் சொன்னார். புதியவருக்குச் சொல்லித்தர, வேலை தெரிந்த ஒரே ஆளின் நேரமும் போய்விடுகிறது. இது தெரிந்தும் ஐம்பது வருடமாக அதையே செய்துகொண்டிருக்கிறோம்.

மென்பொருள் தரக்குறைவால் அமெரிக்காவுக்கு மட்டும் ஆண்டுக்கு 2.41 லட்சம் கோடி டாலர் விரயம் என்று மென்பொருள் தர அமைப்பான சி.ஐ.எஸ்.க்யூ. 2022-ல் மதிப்பிட்டது. இது ஒரு மதிப்பீடுதான். ஆனாலும் எவ்வளவு பெரிய தொகையைக் கண்ணில் படாமல் இழந்துகொண்டிருக்கிறோம் என்பதற்கு அது ஒரு அளவுகோல்.

கடம்பத்தூர் ஒன்றியத்துக்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள வேறு விளக்கம் வேண்டாம். சென்னையில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் கூவம் ஆற்றுக்குப் பெயர் கொடுத்த கூவம் கிராமம் இந்த ஒன்றியத்தில்தான் இருக்கிறது. இங்கே அது ஆறு, நேப்பியர் பாலத்தை அடையும்போது சாக்கடை. வழியில் குழாய் விட்டவர் எவருக்கும் தான் விட்டது பெரிதாகத் தெரிந்திருக்காது. நாற்றம் முழுவதும் கீழே குடியிருப்பவருக்கு. மென்பொருளிலும் மேலே விட்டவர் ஒருவர், கீழே அனுபவிப்பவர் வேறொருவர்.

45 நிமிடத்தில் 46 கோடி டாலர்

அமெரிக்கப் பங்குச்சந்தையின் பெரிய தரகு நிறுவனங்களில் ஒன்றாக இருந்தது நைட் கேப்பிடல். 2012 ஆகஸ்ட் 1 அன்று காலை சந்தை திறந்ததும் அதன் கணினிகள் தாறுமாறாகப் பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கின. 45 நிமிடத்தில் 154 நிறுவனங்களின் பங்குகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். அந்த வருடம் முடிவதற்குள் நிறுவனம் இன்னொரு நிறுவனத்தோடு இணைய ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் நடத்திய விசாரணையில் காரணம் வெளிவந்தது. 2003-லேயே பயன்பாட்டை நிறுத்திய ஒரு பழைய வசதியின் கோடை யாரும் அழிக்கவில்லை. ஒன்பது வருடம் அது உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. புதிய வசதி எழுதியவர்கள், அந்தப் பழையதை எழுப்பும் அதே சுவிட்ச்சைப் புதியதற்கும் பயன்படுத்தினார்கள். புதிய கோடை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டும், ஊழியர் ஏழில் ஏற்றினார். எட்டாவதைச் சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லை, அப்படிச் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துபூர்வமான விதியும் இல்லை. சந்தை திறக்கும் முன்பே 97 எச்சரிக்கை மின்னஞ்சல்கள் கணினியிலிருந்து போயின. அவற்றைப் பார்க்க வேண்டியது யார் என்பது வகுக்கப்படவில்லை. பதறிப்போய்ச் சரிசெய்ய முயன்றவர்கள், நன்றாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய கோடை எடுத்துவிட, நிலைமை இன்னும் மோசமானது.

எட்டாவது சர்வரை விட்டுவிட்ட ஊழியரைக் குற்றம் சொல்லிவிடுவது எளிது. பாடி ஆலைகள் கற்ற பாடப்படி பார்த்தால், ஒரு மனிதர் ஒரு முறை மறந்ததற்கு ஒரு நிறுவனமே பலியாகும்படி வேலையை அமைத்துவைத்தவர்களின் பிழை அது.

சிறைக்குப் போன அஞ்சலகக்காரர்கள்

பணம் போனால் சம்பாதிக்கலாம். பிரிட்டன் அஞ்சலகங்களில் போனது மனிதர்களின் வாழ்க்கை.

1999 முதல் பிரிட்டனின் கிளை அஞ்சலகங்களில் ‘ஹொரைசன்’ என்ற கணக்கு மென்பொருள் நிறுவப்பட்டது. செய்தது ஐ.சி.எல்., பின்னர் அது ஃபுஜிட்சு. மென்பொருளில் இருந்த பிழைகளால் பல அஞ்சலகங்களில் பணம் குறைவதாகக் கணினி காட்டியது. அஞ்சலகத்தை நடத்தியவர்கள் கைக்காசைப் போட்டு ஈடுகட்டினார்கள். முடியாதவர்கள்மேல் திருட்டு, பொய்க்கணக்கு வழக்குகள் பாய்ந்தன. 2015-க்குள் 900-க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். இவர்களில் இந்திய வம்சாவளியினர் பலர். சர்ரே மாவட்டத்தில் அஞ்சலகம் நடத்திய சீமா மிஸ்ரா 2010-ல் சிறைக்கு அனுப்பப்பட்டபோது கர்ப்பமாக இருந்தார். அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பாக 2021 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2019 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் மென்பொருளில் பிழைகள் இருந்ததை உறுதிசெய்தது. 2024-ல் பாராளுமன்றமே தனிச்சட்டம் போட்டுத் தண்டனைகளை மொத்தமாக ரத்துசெய்தது. இழப்பீடு 100 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. குறைந்தது 13 பேரின் தற்கொலைக்கு இந்த விவகாரம் காரணமாக இருந்திருக்கக்கூடும் என்று பொது விசாரணையின் முதல் அறிக்கை 2025 ஜூலையில் சொன்னது.

நம் விஷயத்துக்கு முக்கியமான தகவல் ஒன்று அந்த விசாரணையில் வெளிவந்தது. மென்பொருள் கிளைகளுக்குப் போவதற்கு முன்பே, 1998-ல், அதன் கவுண்டர் பகுதியை ஆராய உள்ளுக்குள்ளேயே ஒரு குழு போட்டிருக்கிறார்கள். கோடின் தரம் மோசம் என்பது அப்போதே எழுத்தில் இருந்தது. திரும்ப எழுத வேண்டும் என்ற பரிந்துரையும் வந்தது. செலவும் தாமதமும் ஆகும் என்பதால் அது நடக்கவில்லை. அன்று சில மாதங்கள் தள்ளிப்போட்டிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய ஒன்று, நூற்றுக்கணக்கான குடும்பங்களின் இருபது வருடத்தைத் தின்றுவிட்டது.

நம் ஊர்க் கணக்கு

நம் நாட்டிலும் இந்த விலையைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

2020 நவம்பர் 21 அன்று ஹெச்.டி.எஃப்.சி. வங்கியின் முதன்மை டேட்டா சென்டரில் மின்சாரம் போனது, சேவைகள் முடங்கின. இரண்டு வருடமாகத் திரும்பத் திரும்ப இப்படி நடந்துவந்ததால், புதிய டிஜிட்டல் திட்டங்களைத் தொடங்கவும் புதிய கிரெடிட் கார்டு வாடிக்கையாளர்களைச் சேர்க்கவும் ரிசர்வ் வங்கி டிசம்பரில் தடை போட்டது. தடை முழுதாக நீங்கியது 2022 மார்ச்சில்.

2024 ஏப்ரல் 24 அன்று கோட்டக் மஹிந்திரா வங்கிக்கும் தடை வந்தது. ஆன்லைனில் புதிய வாடிக்கையாளரைச் சேர்க்கக் கூடாது, புதிய கிரெடிட் கார்டு தரக் கூடாது. ரிசர்வ் வங்கி அடுக்கிய குறைகள்: தன்னிடம் என்னென்ன கணினிச் சொத்துகள் இருக்கின்றன என்ற கணக்கு, பேட்ச் போடும் முறை, மாற்றங்களைக் கையாளும் முறை, யாருக்கு எதைத் திறக்க அனுமதி என்ற ஒழுங்கு, வெண்டர்களைக் கண்காணிப்பது, பேரிடரில் மீண்டெழும் ஏற்பாடு. இதில் ஒன்றுகூட அரிய தொழில்நுட்பம் கிடையாது, எல்லாமே அன்றாட வேலை ஒழுங்கு. 2022, 2023 என்று இரண்டு வருடம் தொடர்ந்து சுட்டிக்காட்டியும், வங்கி அளித்த விளக்கங்கள் போதாதவையாகவோ, சரியில்லாதவையாகவோ, நிலைக்காதவையாகவோ இருந்தன என்றது ரிசர்வ் வங்கி. மறுநாளே பங்கு விலை 10 சதவிகிதத்துக்கு மேல் விழுந்தது. தடை நீங்கியது 2025 பிப்ரவரியில்.

வருமான வரித் துறையின் புதிய இணையதளமும் நினைவிருக்கும். 2021 ஜூன் 7 அன்று இன்ஃபோசிஸ் உருவாக்கித் திறந்த அந்தத் தளத்தில் முதல் நாளிலிருந்தே கோளாறுகள். ஆகஸ்ட் 21, 22 இரண்டு நாளும் தளமே இயங்கவில்லை. 23-ம் தேதி நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியை நிதியமைச்சர் அழைத்து விளக்கம் கேட்டார். வரித்தாக்கல் கெடு ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 30, பிறகு டிசம்பர் 31 என்று நகர்ந்தது. திருவள்ளூரில் இருக்கும் சிறு ஆடிட்டர் அலுவலகம் வரைக்கும் அந்த வருடம் இரவு விழித்து வேலை பார்த்தது. அந்த இரவுகள் யாருடைய கணக்கிலும் ஏறவில்லை.

சான்றிதழ் இருக்கிறது, பழக்கம்?

‘நம் நிறுவனங்களிடம் இல்லாத புராசஸா?’ என்று துறையில் இருப்பவர்கள் கேட்கலாம். உண்மைதான். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனம் வகுத்த சி.எம்.எம். அளவுகோலில், உயர்ந்த ஐந்தாம் நிலையை எட்டிய நிறுவனங்களில் பெரும்பகுதி இந்தியாவில் இருந்த காலம் உண்டு. வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் நம்பிக்கையை அது பெற்றுத்தந்தது. இன்றைய பட்டாபிராம் கட்டடத்துக்குப் பின்னால் அந்த நம்பிக்கைக்கும் பங்கு இருக்கிறது.

ஆனால், ஆடிட் வருகிறது என்று தெரிந்ததும் ஒரே வாரத்தில் ஆறு மாத ஆவணங்களை நிரப்புவதும், டைம்ஷீட்டில் எட்டு மணி நேரம் எழுதிவிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் உழைப்பதும், கோளாறுக்கான ஆர்.சி.ஏ. (மூலகாரண ஆய்வு) அறிக்கையில் ‘மனிதத் தவறு’ என்று ஒரு வரி எழுதி முடிப்பதும் துறையில் இருக்கும் எவருக்கும் புதிதல்ல. மூன்று பேர் ஒப்புதல் கேட்டு, மூவருமே படிக்காமல் ஒப்புதல் கொடுக்கும் நடைமுறை, ஒழுங்கே இல்லாததைவிட ஆபத்தானது. பாதுகாப்பு இருப்பதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

ஒழுங்காக வேலை செய்தால் வேகம் குறையும் என்ற பயத்துக்கும் ஆதாரம் இல்லை. டோரா என்ற ஆய்வுக் குழு பல ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான மென்பொருள் ஊழியர்களிடம் கேட்டு அளந்துவருவது நான்கு விஷயங்களை: எவ்வளவு அடிக்கடி ரிலீஸ் செய்கிறீர்கள், எழுதிய மாற்றம் பயனரை அடைய எத்தனை நாள், எத்தனை மாற்றங்கள் கோளாறில் முடிகின்றன, கோளாறிலிருந்து மீள எவ்வளவு நேரம். வேகமான குழுக்கள்தான் கோளாறு குறைந்த குழுக்களாகவும் இருக்கின்றன என்பது அவர்கள் கண்டது. சிறிய சிறிய மாற்றங்களாகச் செய்து, ஒவ்வொன்றையும் தானியங்கிச் சோதனையில் ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே வருகிறது.

யார் கட்டுகிறார்கள்?

விலையில் பெரும்பங்கைக் கட்டுவது சம்பளப் பட்டியலின் அடிவரிசையில் இருப்பவர்கள். பொறியியல் முடித்து, வீட்டிலேயே முதல் பட்டதாரியாக, கல்விக் கடனோடு வேலைக்குப் போகும் பிள்ளையின் கையில் பத்து வருடப் பழைய மென்பொருளைக் கொடுத்து ‘சப்போர்ட்’ பார்க்கச் சொல்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ப்ரொடக்‌ஷன் (வாடிக்கையாளர் பயன்படுத்தும் மென்பொருள்) விழுந்துவிட்டது என்று போன் வருகிறது. விளக்கும் ஆவணம் இல்லை, எழுதியவரும் நிறுவனத்தில் இல்லை. விடிய விடிய உட்கார்ந்து எதையோ மாற்றி ஓடவைத்தால் பாராட்டு மின்னஞ்சல் ஒன்று வரும். காலையில் அதே பிள்ளை வழக்கம்போல ரயிலேற வேண்டும். ‘நமக்கு வேலை தெரியவில்லை’ என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்வதுதான் இதில் பெரிய கொடுமை. கோளாறு அவரிடம் இல்லை, அவர் கைக்கு வந்த முறையில் இருக்கிறது என்று சொல்ல ஒருவரும் இல்லை.

இரவில் தீயணைப்பவரைக் கொண்டாடும் நிறுவனங்கள், தீப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டவரை அப்ரைசலில் நினைப்பதில்லை. இந்த ஒன்று மாறினாலே பாதி மாறிவிடும்.

வேலைக்குச் சேரும்முன் கேளுங்கள்!

* புதிய கோடை இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகுதான் ஏற்றுவீர்களா?

* டெஸ்டிங் நாட்களை வெட்ட யாருக்கு அதிகாரம்? வெட்டினால் எழுத்தில் பதிவாகுமா?

* ஏற்றிய மாற்றம் தவறாகப் போனால், பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரமாகும்? கடைசியாக எப்போது ஒத்திகை பார்த்தீர்கள்?

* இந்த மென்பொருளை முழுதாக அறிந்தவர்கள் எத்தனை பேர்? ஒருவர்தான் என்றால், அவர் லீவு எடுத்தால் என்ன செய்வீர்கள்?

* இரவு அழைப்புக்கு மறுநாள் ஓய்வு உண்டா?

நேர்முகத்தேர்வின் கடைசியில் ‘உங்களுக்குக் கேள்வி ஏதாவது இருக்கிறதா?’ என்று கேட்பார்கள். அப்போது இவற்றில் இரண்டையாவது தைரியமாகக் கேளுங்கள். பதிலைவிட, பதில் சொல்பவரின் தடுமாற்றம் நிறையச் சொல்லும்.

இப்போதே கட்டுவோம்

தீர்வுக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ரிலீஸிலும் ஒரு பங்கு நேரத்தைப் பழையதைச் சீர்செய்ய ஒதுக்க வேண்டும், அதை வெட்டும் உரிமை எந்த மேனேஜருக்கும் இருக்கக் கூடாது. பயன்படாத கோடை அழிப்பதும் வேலைதான் என்று டைம்ஷீட்டில் இடம் தர வேண்டும். கோளாறு நடந்தால் யார் என்று தேடும் கூட்டத்தை நிறுத்தி, எப்படி நடந்தது என்று எழுதி எல்லோருக்கும் படிக்கத் தர வேண்டும்.

அரசுக்கும் பொறுப்பு இருக்கிறது. மென்பொருளுக்கான டெண்டரில் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்று முடிவெடுக்கும்போது, விலையைக் குறைக்க முதலில் காவு கொடுக்கப்படுவது டெஸ்டிங்கும் பராமரிப்பும்தான். ஐந்து வருடப் பராமரிப்பையும் சோதனை ஆதாரங்களையும் ஒப்பந்தத்திலேயே கேட்க வேண்டும். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரக் கல்லூரிகள், கோட் எழுதக் கற்றுத்தருவதோடு நிறுத்தாமல், மற்றவர் எழுதிய பழைய கோடைப் படிக்கவும் திருத்தவும் சோதிக்கவும் கற்றுத்தர வேண்டும். பிள்ளைகள் வேலையில் முதல் நாளிலிருந்து செய்யப்போவது அதைத்தான்.

இந்த மாவட்டத்துக்கு வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஒரே வீட்டில் அப்பா பிரேக் ஆலையில் சூப்பர்வைசர், மகள் மென்பொருள் நிறுவனத்தில் டெவலப்பர் என்று இருக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. தரத்தை எங்கிருந்து கவனிக்க வேண்டும் என்பது அப்பாவின் தலைமுறைக்கு அனுபவமாகத் தெரியும். அந்த அனுபவத்தைப் பட்டாபிராமில் இடம்பிடிக்கும் நிறுவனங்கள் மதித்து எடுத்துக்கொள்ளட்டும். ஓய்வுபெற்ற தரப்பிரிவு அதிகாரிகளை அழைத்துப் பேசச் சொல்லட்டும், இளம் ஊழியர்களை ஒருநாள் ஆலைக்கு அனுப்பி ஒரு லைன் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவரச் சொல்லட்டும்.

முறையாக வேலை செய்வதற்குச் செலவு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. முறையில்லாமல் செய்வதற்கும் செலவு உண்டு, அது பலமடங்கு. முதல் செலவை நிறுவனம் தன் பணத்தில் இன்றே கட்டுகிறது. இரண்டாவதை வாடிக்கையாளரும், அஞ்சலகம் நடத்தியவரும், இரவு இரண்டு மணிக்கு எழுப்பப்படும் நம் பிள்ளைகளும் கட்டுகிறார்கள். புதிதாகத் தொடங்கும் இடத்தில், எந்தச் செலவு என்பதை நிறுவனங்கள் தாங்களே முடிவுசெய்துகொள்ள விட்டுவிடக் கூடாது. வேலைக்குச் சேருகிறவர்களும், பெற்றோரும், நிலமும் சலுகையும் தரும் அரசும் முதல் நாளிலேயே அதைக் கேட்டு வாங்க வேண்டும்.